திருச்செங்கோட்டு முதலாளியும் என் பிஸ்கட் டப்பாவும்

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நண்பர்கள் கேட்டபோது, எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைத்தான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டேன். சிலர் ஸ்டாம்பு சேர்ப்பார்கள். சிலர் நாணயம் சேர்ப்பார்கள். நான் பழைய சினிமா சிடி சேர்க்கிறேன். பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டில், தறி ஓடும் அறைக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் விசிடி, டிவிடி எல்லாம் சேர்த்து 140 வரை இருக்கும். வீட்டில் அதற்குக் குப்பை டப்பா என்று பேர்!

இந்தப் பைத்தியத்தைப் பிடித்துவிட்டவர் என் அப்பிச்சி. நான் மூணாவது படிக்கும்போது, ஈரோட்டில் சிடி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு கடையை மூடினார்கள். இருந்ததையெல்லாம் பத்து ரூபாய்க்கு ஒன்று என்று தள்ளிவிட்டார்கள். அப்பிச்சி என்னைக் கூட்டிக்கொண்டு ஆத்துப் பாலத்தைத் தாண்டிப் போய் ஒரு மஞ்சப்பை நிறைய வாங்கி வந்தார். அதில் அவர் முதலில் எடுத்துப் போட்டது 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. அவர் சின்னப் பையனாக டூரிங் கொட்டகையில் பார்த்த முதல் கலர் படமாம். மூன்று சிடி. முதல் இரண்டும் நன்றாக ஓடின. மூன்றாவது நடுவில் நின்றுவிட்டது. துடைத்துப் போட்டோம், ஊதிப் போட்டோம், ஒண்ணும் வேலைக்கு ஆகலை. மிச்சக் கதையை அப்பிச்சியே வாயால் சொல்லி முடித்தார்.

அந்தப் படத்தின் டைட்டிலில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ், சேலம் என்ற பெயரை முதன்முதலில் படித்தேன். சினிமா என்றால் மெட்ராஸ்தானே, சேலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அதுக்கு முதலாளி நம்ம திருச்செங்கோட்டுக்காரர்தான் கண்ணு என்றார் அப்பிச்சி. அந்த முதலாளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

* * *

டி.ஆர்.சுந்தரம் பிறந்தது 1907-ல். பெயருக்கு முன்னால் இருக்கும் 'டி' திருச்செங்கோட்டைக் குறிக்கிறது. பள்ளிபாளையத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். வசதியான குடும்பம். அந்தக் காலத்திலேயே கப்பல் ஏறி இங்கிலாந்து போய், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்.

டெக்ஸ்டைல் படித்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு மில் ஆரம்பித்திருக்க வேண்டும். நம்ம பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இவரோ சினிமாவில் இறங்கினார். சேலத்தில் வேலாயுதம் பிள்ளை என்பவர் நடத்திய ஏஞ்சல் பிலிம்ஸில் கூட்டுச் சேர்ந்து முதலில் தொழிலைக் கற்றுக்கொண்டார். அன்றைய நிலவரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1931-ல் வந்த தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' எடுக்கப்பட்டதே பம்பாயில்தான்! அதற்குப் பிறகும் சில வருஷங்கள் நம் ஆட்கள் மூட்டை முடிச்சோடு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏறிப் போய்த்தான் படம் எடுத்தார்கள்.

இந்த அலைச்சல் எதற்கு, எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் கொண்டுவந்தால் என்ன என்று சுந்தரம் யோசித்தார். 1935-ல் சேலத்தில், ஏற்காடு மலை அடிவாரம் போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேபரட்டரி எல்லாம் உள்ளேயே. நடிகர்கள், எழுத்தாளர்கள், டெக்னீஷியன்கள் பலருக்கு மாதச் சம்பளம். நேரம் தவறக்கூடாது. எல்லாரும் அவரைக் கூப்பிட்டதே முதலாளி என்றுதான்.

தறிக்கார வீட்டுப் பையனான எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. ஒரு பக்கம் பாவு ஓட்டுவார்கள், ஒரு பக்கம் தார் சுற்றுவார்கள், தறி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருத்தர் லேட்டாக வந்தால் எல்லாம் நிற்கும். லீட்ஸில் படித்த படிப்பை அவர் வீணாக்கவே இல்லை. மில் நடத்துகிற முறையில் சினிமா நடத்தினார், அவ்வளவுதான்.

* * *

1937-ல் முதல் படம் 'சதி அகல்யா'. அடுத்த வருஷமே 'பாலன்'. மலையாளத்தின் முதல் பேசும்படம் எடுக்கப்பட்டது நம் சேலத்தில் என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்? நோட்டானி இயக்கினார், சுந்தரம் தயாரித்தார்.

1940-ல் 'உத்தம புத்திரன்'. சுந்தரமே இயக்கியது. பி.யு.சின்னப்பா தமிழில் முதன்முறையாக இரட்டை வேடத்தில் நடித்தார். ஒரே ஆள் இரண்டு பேராக எதிரெதிரே நிற்பதை இன்று கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். அன்று கேமராவில் பாதியை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து மறுபடி எடுக்க வேண்டும். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் வேலை பாழ். 1945-ல் 'பர்மா ராணி'. யுத்த காலத்துப் படம். அதில் ஜப்பானிய ராணுவ அதிகாரியாக முதலாளியே நடித்தார்.

1950-ஐ மாடர்ன் தியேட்டர்ஸின் பொன் ஆண்டு என்றால் மிகையாகாது. நம்பியார் பதினொரு வேடங்களில் வந்த 'திகம்பர சாமியார்', பாரதிதாசன் படைப்பிலிருந்து உருவான 'பொன்முடி', பிறகு 'மந்திரி குமாரி'. இந்தக் கடைசிப் படத்துக்கு வசனம் எழுதியவருக்கு அப்போது வயது 26. பெயர் மு.கருணாநிதி. கதாநாயகன் எம்.ஜி.ஆர். படத்தை இயக்கிக்கொண்டிருந்த அமெரிக்கர் எல்லிஸ் ஆர்.டங்கன் பாதியில் ஊருக்குப் போக வேண்டி வந்தது. வேறு யாராவது இருந்தால் படம் முடங்கியிருக்கும். முதலாளி தானே உட்கார்ந்து மிச்சத்தை எடுத்து முடித்தார். பின்னாளில் முதலமைச்சர்களான கருணாநிதி, எம்.ஜி.ஆர்., வி.என்.ஜானகி மூன்று பேரும் அந்தக் காம்பவுண்டுக்குள் வேலை பார்த்தவர்கள்தான்.

1952-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படமும் எடுத்தார்கள். 1956 பொங்கலுக்கு வந்தது 'அலிபாபா'. முழுநீளமும் வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப்படம். கேவா கலர் என்ற பிலிம், பெல்ஜியம் நாட்டுத் தயாரிப்பு. 1961-ல் 'கண்டம் பெச்ச கோட்டு'. மலையாளத்தில் முதல் முழுநீளக் கலர் படமும் சுந்தரம் எடுத்ததே! மலையாளத்துக்கு முதலில் பேச்சைக் கொடுத்தார், பிறகு வண்ணத்தையும் கொடுத்தார்.

1963-ல், 56 வயதில், சுந்தரம் காலமானார். மகன் ராமசுந்தரம் கம்பெனியைத் தொடர்ந்து நடத்தினார். அப்பா காலம், மகன் காலம் சேர்த்து 100-க்கும் மேற்பட்ட படங்கள். பிறகு அதுவும் நின்றது. இன்று ஏற்காடு போகிற வழியில் அந்தப் பழைய நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. போன வருஷம் நம் வகுப்பு டூர் பஸ் அதைத் தாண்டியபோது நான் எழுந்து நின்று பார்த்தேன். ஏண்டா பஸ் ஸ்டாப்பைப் பார்த்து எந்திரிச்சு நிக்கிறே என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.

* * *

இப்போது என் டப்பாவுக்கு வருகிறேன். 100-க்கும் மேற்பட்ட படங்களில் என்னிடம் இருப்பவை எட்டு. மந்திரி குமாரி, சர்வாதிகாரி, திகம்பர சாமியார், திரும்பிப் பார், அலிபாபா, கைதி கண்ணாயிரம், குமுதம், வல்லவனுக்கு வல்லவன். 'பாலன்' வேண்டும் என்று ரொம்ப நாள் தேடினேன். பிறகுதான் தெரிந்தது, அது எந்தக் கடையிலும் கிடைக்காது. உலகத்தில் எங்கேயும் அதன் பிரதி இருப்பதாகத் தெரியவில்லை. சில ஸ்டில்களும் பாட்டுப் புத்தகமும்தான் மிச்சம். ஒரு மொழியின் முதல் பேசும்படமே போய்விட்டது!

நம் பழைய படங்கள் ஏன் இப்படிப் போயின? அன்றைய பிலிம் நைட்ரேட். சுலபமாகத் தீப்பிடிக்கும், தானாகவே மக்கும். ஓட்டம் முடிந்த படத்துக்கு மதிப்பில்லை என்று, அதில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க எடைக்குப் போட்டவர்களும் உண்டு. நம் நாட்டில் படங்களைப் பாதுகாக்கப் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது 1964-ல். சுந்தரம் இறந்த அடுத்த வருஷம்! அங்கே பி.கே.நாயர் என்பவர் ஊர் ஊராக அலைந்து படப்பெட்டி சேர்த்தார். பாரிசில் ஹென்றி லாங்லுவா என்ற இளைஞர் இதே வேலையை 1936-லேயே தொடங்கிவிட்டார். ஆரம்பத்தில் அவர் பிலிம் சுருள்களை வீட்டுக் குளியல் தொட்டியில் போட்டு வைத்தாராம். எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பா எவ்வளவோ தேவலை.

காப்பாற்ற நினைத்தால் முடியும் என்பதற்கும் என் டப்பாவில் ஒரு சாட்சி இருக்கிறது. சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி', 1955. அதன் மூல நெகட்டிவ் 1993-ல் லண்டனில் ஒரு லேப் தீ விபத்தில் சிக்கியது. கருகியதில் தேறியதையும் வேறு பிரதிகளையும் சேர்த்து, பிரேம் பிரேமாகச் சரிசெய்து, 2015-ல் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கேயோ சிலர் இன்னொரு பிரதியைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அது நடந்தது.

எல்லாம்தான் போனில் இருக்கே, சிடி எதற்கு என்று கேட்பீர்கள். அப்பிச்சிக்கு உடம்பு முடியாமல் போனபோது நானும் அலிபாபாவைப் போனில்தான் போட்டுக் காட்டினேன். வண்ணம் வெளுத்திருந்தது. பக்கவாட்டில் இழுத்துவிட்டதில் எம்.ஜி.ஆர். முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. நடுவில் விளம்பரம் வேறு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போதும் கண்ணு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி அந்த மூன்றாவது சிடியை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வானத்தில் நட்சத்திரம் மாதிரி ஊசித் துவாரங்கள். அலுமினியப் பூச்சு போய்விட்டது. அதற்கு மேல் அது வெறும் பிளாஸ்டிக்.

ஈரோடு, சேலம் இரண்டு ஊரிலும் பழைய கடைகளில் தேடினேன். கடைசியில் சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில் நல்ல டிவிடி கிடைத்தது. அப்பிச்சி காரியம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். கடைசி முக்கால் மணி நேரத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அப்பிச்சி சொன்ன கதையில் பாதி படத்தில் இல்லை. அவரே சேர்த்துச் சொல்லியிருக்கிறார்!

* * *

நண்பர்களே, நாம் டிப்ளமோ மாணவர்கள். பொருள் எப்படிக் கெடும் என்று படிக்கிறவர்கள். அதனால் என் அனுபவத்தில் சில விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன். சிடி, விசிடியில் எழுத்து அச்சடித்த மேல்பக்கம்தான் நோஞ்சான் பக்கம். அலுமினியப் பூச்சுக்கு மேலே மெல்லிய வார்னிஷ் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் கீறினால் தகவலே போச்சு. கீழ்ப்பக்கக் கீறலையாவது ஓரளவு சரிசெய்யலாம். டிவிடியில் பூச்சு இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். வெயிலில் வைக்காதீர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பிளாஸ்டிக் கவரில் பழைய சிடிகள் கிடக்கும். அடுத்த போகிக்கு அது தெருவுக்கு வரும். எரிக்கும் முன் ஒரு தடவை பெயரைப் பாருங்கள். வேண்டாம் என்றால் என்னிடம் கொடுங்கள், அல்லது நம் நூலகத்தில் ஓர் அலமாரி கேட்டு வாங்கி எல்லாரும் சேர்ந்து வைப்போம். திருச்செங்கோட்டில் பிறந்த ஒருவர் 28 வருஷம் தினமும் நேரத்துக்கு வேலைக்குப் போய் இத்தனை செய்தார். அதில் மிஞ்சியிருப்பதை நேரத்துக்குப் போய் எடுத்து வைக்கவாவது நாம் இருக்க வேண்டாமா?

— மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ்