கல்விக்கு ஈந்த செல்வர்

அந்தமானைச் சூழ்ந்த வங்கக் கடல், ஒரு காலத்தில் நகரத்தார் சென்ற வணிகப் பெருவழியாகும். செட்டிநாட்டினரான அவர்கள் பர்மாவுக்குக் கப்பலேறிச் சென்று, உழவர்க்கும் வணிகர்க்கும் கடன் கொடுத்து வட்டித்தொழில் நடத்தினர். வரவில் ஒரு பகுதியை ‘மகமை’ என ஒதுக்கி, கோயில் திருப்பணி முதலிய அறங்களுக்குச் செலவிடுவது அவர்தம் மரபாகும்.

அம்மரபில் 1881ஆம் ஆண்டு கானாடுகாத்தானில் பிறந்தவர் அண்ணாமலைச் செட்டியார். குடும்பத்தார் வளர்த்த தொழிலைத் திறம்பட நடத்திய அவர், கோயில் அறத்தோடு கல்வி அறத்தையும் மேற்கொண்டார். 1920ஆம் ஆண்டு சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். தமிழ், வடமொழி, இசை ஆகியவற்றைக் கற்பிக்கும் கல்லூரிகளையும் அங்கே தோற்றுவித்தார். பின்னர் அக்கல்லூரிகளோடு 20 இலட்சம் ரூபாயையும் பல்கலைக்கழகம் அமைக்க வழங்கினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

அந்நாளில் தமிழகத்து இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்கள் அருகியே ஒலித்தன. அக்குறையைப் போக்க, எதிர்ப்பு எழுந்தபோதும் தளராது, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டார். 1948இல் மறைந்தார்.

1942இல் அந்தமானைப் போலவே பர்மாவும் ஜப்பானியர் வசமாயிற்று. அங்கு நகரத்தார் ஈட்டிய செல்வத்தில் பெரும்பகுதி பின்னர் மீளவேயில்லை. ஆனால், அண்ணாமலைச் செட்டியார் கல்விக்கு ஈந்த செல்வமோ அழியவில்லை. இன்றும் மாணவர்க்குப் பயன் தருகிறது.

அருஞ்சொற்பொருள்
ஈந்த – கொடுத்த
ஈட்டிய – சேர்த்த
அருகி – குறைந்து