பேராசிரியர் சு. வித்தியானந்தனும் ஈழத்துக் கூத்தும்

ஈழநாட்டிலே கூத்தாடி என்னுஞ் சொல் வசைச்சொல்லாக வழங்கிய காலம் ஒன்றிருந்தது. ஊரிலே விடியவிடிய இருந்து கூத்துப் பார்த்தவரே மறுநாள் தம் மகன் காலிற் சதங்கை கட்டப் போகின்றான் என்று கேட்டால் முகஞ்சுளிப்பர். ஆங்கிலங் கற்றோர்க்கோ நாடகமென்றால் சேக்சுபியர்; அன்றேல் தமிழகத்திலிருந்து வந்த கம்பனிகள் பழக்கிவிட்ட இசைநாடகம். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்த கூத்து அவர்கள் கணக்கிற் சேரவில்லை. இந்நிலையை ஒருவரே தனித்து நின்று மாற்றினார் என்றல் மிகையாகும். எனினும், ஒரு பல்கலைக்கழகத்தின் மதிப்பனைத்தையும் கூத்தின் பக்கம் நிறுத்தி அம்மாற்றத்தைத் தொடக்கி வைத்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்பதில் ஐயமில்லை.

அன்னார் 1924ஆம் ஆண்டு தெல்லிப்பழைப் பகுதியிற் பிறந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றபோது சுவாமி விபுலானந்தரும் கலாநிதி க. கணபதிப்பிள்ளையும் அவர்க்கு ஆசிரியராய் வாய்த்தனர். இவ்விருவரையும் நினையாது வித்தியானந்தனை விளங்கிக்கொள்ளுதல் அரிது. முன்னவர் மதங்க சூளாமணியிலே நாடக இலக்கணத்தை ஆராய்ந்தவர். யாழ் நூலினை யாத்தவர். பின்னவர் மொழியியலறிஞராயிருந்தும் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழிலே நாடகம் எழுதத் துணிந்தவர். பழமையை ஆராயும் கண்ணும் நாட்டுப்புறத்து வாய்மொழியைக் கேட்கும் செவியும் மாணாக்கர்க்கு இவ்வாறு கிடைத்தன. அதன் பின்னர் வித்தியானந்தன் இலண்டன் சென்று பத்துப்பாட்டினை ஆராய்ந்து 1950இற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்டார். தமிழர் சால்பு என்னும் அவரது நூல் 1954இல் வெளிவந்தது. சங்க இலக்கிய அறிஞர் ஒருவர் செல்லக்கூடிய நேரிய வழி அவர் முன்னே விரிந்து கிடந்தது. அவ்வழியிலே மட்டும் சென்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் பொருட்டுக் கணபதிப்பிள்ளையவர்களின் நாடகங்களை மேடையேற்றியமையே அவர்தம் அரங்க வாழ்வின் தொடக்கம். உடையார் மிடுக்கு போன்ற அந்நாடகங்களில் யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையிற் கேட்கும் பேச்சு அப்படியே மேடையிற் கேட்டது. செந்தமிழ் வசனமே நாடகத்தமிழ் என்றிருந்தோர்க்கு இது வியப்பு, சிலர்க்கு வெறுப்பு. நெறியாளராக வித்தியானந்தன் பெற்ற முதற் பயிற்சி இதுவேயாகும்.

1956 நவம்பரிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்களத்தில் மனமே என்னும் நாடகத்தைக் கொழும்பில் மேடையேற்றினார். சிங்கள நாட்டுப்புறத்து நாடகம என்னும் ஆட்டமரபினைக் கொண்டு அவர் அதனை ஆக்கினார். கற்ற சிங்களவர் தம் பழைய அரங்கினை அதிற் கண்டு மகிழ்ந்தனர். இங்கே நம்மவர் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்நாடகம என்னும் மரபே கரையோரத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்திலிருந்து சிங்களவரிடத்துச் சென்றது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. நாம் புறக்கணித்த பொருளை அயலார் எடுத்துத் துடைத்து நடுவீட்டில் வைத்தனர். அவ்வாண்டுதான் தனிச்சிங்களச் சட்டமும் நிறைவேறியது. தம் மொழியின் இடமே கேள்விக்குரியதாகிவிட்ட அந்நாளிலே, தமிழர் தமக்கெனக் காட்டத்தக்க அரங்கு யாது என்னும் வினா வெறுங் கலை வினாவாக இருக்கவில்லை. வித்தியானந்தன் விடையைத் தேடி நூலகத்துக்குச் செல்லவில்லை. கூத்து ஆடப்பட்ட ஊர்களுக்குச் சென்றார்.

இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவிற்குத் தலைமை தாங்கிய காலத்திலே அவர் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் பிற இடங்களிலும் கூத்துகளைக் கண்டார், அண்ணாவிமாரை ஒன்றுகூட்டினார், பாடசாலைகளுக்கிடையே நாட்டுக்கூத்துப் போட்டிகளை நடத்துவித்தார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்தவற்றை அச்சேற்றுவித்தார். மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகம் 1962இலும், மன்னாரின் என்றிக்கு எம்பரதோர் நாடகம் 1964இலும், மூவிராசாக்கள் நாடகம் 1966இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. பின்னைய இரண்டும் கத்தோலிக்க மக்களின் கூத்துகள். சைவச் சூழலிலே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் அவற்றைத் தமிழர் பொதுச் சொத்தாகக் கொண்டு பதிப்பித்தமை, இந்துக் கல்லூரி மலரொன்றிலே தனித்து எடுத்துக் கூறுதற்குரியதென்று யான் எண்ணுகின்றேன்.

மட்டக்களப்புக் கூத்து எத்தகையது என்பதை இளைய மாணவர்க்காகச் சிறிது சொல்லவேண்டும். அது வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். போரும் வீரமுங் கொண்ட கதைகள் பெரும்பாலும் வடமோடிக்குரியவை, ஆட்டம் கடுமையானது. தென்மோடியிலே பாட்டின் இழைவு மிகும். ஊரார் கூடி இன்ன கூத்து ஆடுவதென்று தீர்மானித்ததும் அண்ணாவியார் ஆளுக்கேற்பப் பாத்திரம் வகுத்து அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பார்; இதற்குச் சட்டங்கொடுத்தல் என்று பெயர். மாதக்கணக்காகப் பழகியபின் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என ஒவ்வொன்றும் ஒரு விழா. களரி வட்டமானது, நாற்புறமும் சனம். நடுவே மத்தளமும் சல்லரியும் முழங்க, கரப்புடுப்புந் தரித்து முடியுஞ் சூடி அரசர் வரவாட்டம் ஆடுவர். இரவு தொடங்கும் கூத்து விடிவெள்ளி காலித்த பின்னரே முடியும். பார்ப்போரிற் பாதிப்பேர் ஆடுவோர்க்கு உறவினர். பாட்டுத் தவறினால் எடுத்துக் கொடுக்கத்தக்கவர். உழவர் வேலை ஒழிந்த காலத்திலே ஓர் ஊர் முழுதும் கூடிச் செய்யும் காரியம் அது.

இதனைப் பேராதனைக்குக் கொண்டு செல்வது எங்ஙனம்? அங்கே படச்சட்டம் போன்ற மேடை. சனம் ஒரு பக்கத்தில் மட்டும். இரவு முழுதும் கூத்துப் பார்த்துப் பழகாத நகரத்தார் அவையினர். வித்தியானந்தன் இரவுக்கூத்தை ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துள் அடக்கினார். மீண்டும் மீண்டும் வரும் பாட்டுகளும் நீண்ட வரவுகளும் குறைந்தன. நாற்றிசையும் நோக்கி ஆடிய ஆட்டம் ஒருதிசை நோக்கி அமைந்தது. ஒளியமைப்பும் முகபாவமும் சேர்ந்தன. ஆண்களே பெண்வேடம் புனைந்து வந்த வழக்கம் நீங்கிப் பெண் பாத்திரங்களை மாணவியரே ஆடினர். தம் பெண்பிள்ளை மேடையிலே கூத்தாடுவதை அந்நாளைய பெற்றோர் எளிதில் ஒப்பியிருப்பரா? ஒரு பேராசிரியரின் பெயர் பின்னே நின்றமையாலன்றோ அது கைகூடியது!

ஆயின் ஒன்றை மட்டும் அவர் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டத்தையும் தாளத்தையும் பழக்கும் பொறுப்பு அண்ணாவியாரிடமே இருந்தது. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்து பல்கலைக்கழக மாணவர்க்குக் கூத்துப் பழக்கினார். ஊரிலே வயலும் கூத்துமாய் வாழ்ந்த ஒருவர் முன்னே பட்டதாரி வகுப்பு மாணவர் நின்று தாளக்கட்டுச் சொல்லி மிதித்த அக்காட்சியை, வித்தியானந்தன் வாழ்விலே தலையாயதென்று யான் கொள்வேன். இவ்வாறு 1962இல் கர்ணன் போர் வடமோடியிலும், அடுத்த ஆண்டு நொண்டி நாடகம் தென்மோடியிலும் அரங்கேறின. 1960களின் நடுவிலே இராவணேசனும் 1968இல் வாலி வதையும் வந்தன. இராவணேசன் பழைய கூத்தின் சுருக்கமன்று. கூத்தின் ஆட்டத்தையும் இசையையுங் கொண்டு புதிதாக ஆக்கப்பட்டது. அதிலே இராவணன் வெறும் அரக்கனல்லன். தன் வீரமே தன்னை வீழ்த்தக் காண்பவன். அப்பாத்திரத்தை ஆடியவர் மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர் சி. மௌனகுரு. பேராதனையோடு நில்லாது இக்கூத்துகள் வேறு நகரங்களிலும் ஆடப்பட்டன. கூத்தென்றால் இகழ்ந்தவர் நுழைவுச்சீட்டு வாங்கி வந்திருந்து பார்த்தனர்.

இவையெல்லாம் பேறுகள். இழப்பு இல்லையா என்று கேட்பார் உளர். அவர் கேள்வி பொருளற்றதன்று. வட்டக்களரியை விட்டதும் ஊராரும் ஆட்டக்காரரும் ஒன்றாயிருந்த நிலை போயிற்று. பார்ப்போர் பார்வையாளராய் மட்டும் அமர்ந்தனர். ஒன்றரை மணித்தியாலக் கூத்தே செம்மையான கூத்து என்னும் எண்ணம் படித்தோரிடையே வேரூன்றியது. கூத்தை ஊரிலேயே, ஊராரோடு கூடி, அவர்கள் விருப்பின்படி மீளுருவாக்க வேண்டும் என்று பிற்காலத்தில் மட்டக்களப்பிலே எழுந்த குரல் இக்குறையைச் சுட்டியே எழுந்தது. பாடசாலைகளிலே தமிழ்த்தினப் போட்டிக்கு நாட்டுக்கூத்துப் பழக்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் இது தெரியும். நிமிடங்கள் எண்ணித் தரப்படுகின்றன. வரவாட்டம் ஆடி முடியுமுன் மணி அடிக்க நேர்கின்றது. எனினும், குறைகூறுவோர் அக்காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1962இல் யாரும் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டு செல்லாதிருந்திருப்பின், அது ஊரிலே தன் முழுவடிவோடு வாழ்ந்திருக்கும் என்பது உறுதியா? திரைப்படக் கொட்டகை அப்பொழுதே ஊர்களுக்கு வந்துவிட்டது. தம் பிள்ளைகளே வெட்கப்படும் கலையை ஒரு சமூகம் நெடுநாட் பேணாது. அவ்வெட்கத்தை நீக்கியதற்கு வித்தியானந்தன் கொடுத்த விலை இரவின் நீளம். விலை பெரிதுதான், பேரம் பிழையன்று என்பதே என் கருத்து.

அவரது பிற்கால வாழ்வு இன்னல் மிகுந்தது. 1974 சனவரியில் யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்த நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அரசு அதனைக் கொழும்பில் நடத்த விரும்பியபோதும் அவர் பின்வாங்கவில்லை. மாநாட்டையொட்டிய இறுதிநாட் கூட்டத்திலே பொலிசார் புகுந்ததனால் உயிர்கள் பலியாயின. 1977இல் யாழ்ப்பாண வளாகத்தின் தலைவராகி, 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் துணைவேந்தரானார். நூலகம் எரிந்த ஆண்டையும், இனக்கலவரத்தின் பின் இடம்பெயர்ந்த மாணவர்க்கு இடந்தேடிய காலத்தையும், படையினர் வளாகத்துட் புகுந்த 1987ஆம் ஆண்டையும் அப்பதவியிலிருந்தே கண்டார். அந்நாள்களில் அவர்க்குக் கூத்துப் பழக்க நேரமேது? 1988இற் பதவி நீங்கி, 1989ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தமது 64ஆவது வயதில் மறைந்தார்.

அவரிடம் கற்றவர் பலர் பல்கலைக்கழகங்களிலே நாடகத்தையும் அரங்கியலையும் பாடமாக்கினர்; கூத்து இன்று பட்டப்படிப்புக்குரிய பொருள். மௌனகுரு பேராசிரியராகி, இராவணேசனைப் புதிய தலைமுறை மாணவரைக் கொண்டு மட்டக்களப்பிலே மீண்டும் மேடையேற்றினார். அதே மாவட்டத்துச் சில ஊர்களில் அறுவடை முடிந்த பின்னர் களரி கட்டிச் சட்டங்கொடுத்து இரவுக்கூத்தும் ஆடப்பட்டே வருகின்றது.