இரவைச் செபத்துக்குக் கொடுத்த மேய்ப்பர்
புனித யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்க்கை



பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு ஓய்வின் ஆண்டு. அந்த ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கிடைத்தது. அடிமைக்கு விடுதலை கிடைத்தது. கைவிட்டுப் போன காணி உரியவனிடம் திரும்பி வந்தது. நம் பங்குகளிலோ யூபிலி ஆண்டு ஓய்வு ஒழிவற்ற ஆண்டாகி விடுகிறது. கோவிலுக்கு வர்ணம் பூச வேண்டும், பந்தல் போட வேண்டும், வரி பிரிக்க வேண்டும், மலருக்கு விளம்பரம் சேர்க்க வேண்டும். இவையெல்லாம் வேண்டியவையே. இத்தனைக்கும் நடுவில் ஆண்டவரோடு அமர்ந்திருக்க நமக்கு நேரம் இருக்கிறதா என்பதே கேள்வி. திருச்சபை புதுப்பிக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அடிக்கடி பேசுகிறோம். புதுப்பிக்கும் வேலை எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. அதைச் சொல்லால் விளக்குவதைவிட ஒரு வாழ்க்கையால் விளக்குவது எளிது. ஆகவே இலங்கையின் திருத்தூதர் என்று போற்றப்படும் புனித யோசேப் வாஸ் அடிகளாரின் வரலாற்றை இந்த யூபிலி மலரில் உங்கள் முன் வைக்கிறோம்.

பிறப்பும் இளமையும்

கோவாவில் பெனாலிம் என்பது கடலோரச் சிற்றூர். அங்கே தாய்வீட்டில் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் யோசேப் பிறந்தார். தந்தை கிறிஸ்டோவாவோ வாஸ், தாய் மரியா தெ மிராந்தா. தந்தையின் ஊர் சங்க்வாள். கொங்கணி பேசும் பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவர்களான குடும்பம் அது. சிறுவனாயிருந்தபோதே கோவில் கதவு திறக்குமுன் வாசலில் வந்து காத்திருப்பாராம். பள்ளிக்குப் போகும் வழியில் செபமாலை சொல்லுவதும் கையிலிருப்பதை ஏழைகளுக்குக் கொடுத்து விடுவதும் அவருடைய வழக்கம் என்று அவரது வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

1676-இல் தமது 25-ஆம் வயதில் அவர் குருப்பட்டம் பெற்றார். சங்க்வாளில் இலத்தீன் பள்ளி ஒன்று தொடங்கிச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். மறுஆண்டு தம்மைத் தேவ அன்னையின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டார். நிலத்தை எழுதிக் கொடுப்பவர் அதைத் திரும்பக் கேட்பதில்லை. இவர் தம்மையே எழுதிக் கொடுத்தார். வாழ்நாளெல்லாம் திரும்பக் கேட்கவில்லை.

பின்னர் மேலிடத்தார் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பினர். மங்களூர்ப் பகுதியில் 1681 முதல் 1684 வரை அவர் உழைத்தார். யாருக்கு அதிகாரம் என்று மறைப்பணியாளர்களுக்குள்ளேயே பிணக்கு முற்றியிருந்த இடம் அது. சண்டையில் எந்தப் பக்கமும் சாயாமல் பொறுமையோடு சமாதானம் தேடினார். இடிந்த கோவில்களை எழுப்பி, சிதறிய மக்களைச் சேர்த்தார்.

செபக்கூடம்

கோவா திரும்பியபோது அவருக்காக ஒரு சிறு கூட்டம் காத்திருந்தது. அக்காலத்தில் கோவாவிலிருந்த ஐரோப்பியத் துறவற சபைகள் இந்நாட்டவரைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. எனவே இந்நாட்டுக் குருக்கள் சிலர், பழைய கோவாவில் புதுமைச் சிலுவைக் கோவிலை அடுத்துக் கூடி வாழ்ந்து செபித்து வந்தார்கள். 1685 செப்டம்பரில் வாஸ் அடிகளார் அவர்களோடு சேர்ந்தார். விரைவில் அவரையே தலைவராகத் தேர்ந்துகொண்டார்கள். உரோமையில் புனித பிலிப்பு நேரி (1515-1595) நிறுவிய செபக்கூடச் சபையின் ஒழுங்கை அவர்கள் தழுவிக் கொண்டனர்.

செபக்கூடம் என்ற அந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். திரிதெந்து சங்கம் முடிந்த காலத்தில் உரோமை நகர் புதுவாழ்வு பெற்றதற்குப் பிலிப்பு நேரி ஒரு முக்கிய காரணம். பெரிய திட்டமொன்றும் அவரிடம் இல்லை. மாலை வேளையில் சிலரைக் கூட்டிச் செபித்தார். தேவ வார்த்தையைப் பேசினார். பிறகு நோயாளிகளைப் பார்க்க அவர்களை அழைத்துச் சென்றார். அந்தச் சிறு பொறி கடல் கடந்து வந்து கோவாவில் பற்றி, அங்கிருந்து இலங்கையை எட்டியது.

மேய்ப்பனில்லா மந்தை

அப்போது இலங்கையின் நிலை என்ன? 1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துப் போர்த்துக்கீசியரை வெளியேற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் யாரும் அங்கே இருக்கலாகாது. குருவுக்கு இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. கோவில்கள் கல்வினிச வழிபாட்டுக்கும் பள்ளிகளுக்கும் மாறின. ஞானஸ்நானமும் திருமணமும் அரசாங்கக் கோவிலில்தான் நடக்க வேண்டும். அதே 1658-இல் நமது தூத்துக்குடியும் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. முத்துக்குளித்துறை மக்கள் அந்தச் சோதனையிலும் விசுவாசத்தை விட்டுக் கொடுக்கவில்லை என்பது நம் பகுதிக்குப் பெருமை.

இலங்கையிலோ ஏறக்குறைய 30 ஆண்டுகள் கத்தோலிக்கர் குருவின்றிக் கிடந்தார்கள். திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை. ஆயினும் விசுவாசம் முற்றிலும் அணைந்து போகவில்லை. விளக்கைத் தணித்து, கதவைச் சாத்தி, வீட்டுக்குள் செபம் சொன்ன தாய் தந்தையர் இருந்தார்கள். குரு இல்லாத திருச்சபையைக் குடும்பச் செபம் தாங்கி நிறுத்தியது. அணையாமல் கிடந்த இந்தத் தணலைத்தான் வாஸ் அடிகளார் பின்னர் ஊதி எழுப்பினார்.

கழுத்தில் செபமாலை

1686-இல் தலைவர் பொறுப்பைத் துறந்து, ஜான் என்ற ஊழியரோடு அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பெரும்பாலும் கால்நடைப் பயணம். மலையாளக் கரை வழியே வந்து தூத்துக்குடியை அடைந்தார். தமிழ் தெரியாமல் தமிழ் மக்களுக்கு எப்படி மேய்ப்பனாவது? எனவே தமிழ் கற்றார். இங்கே சங்கரன்கோவிலில் காலையில் பேருந்து ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் சேர்ந்துவிடக்கூடிய தூத்துக்குடியில்தான், இலங்கைத் திருச்சபையின் மறுவாழ்வுக்குரிய படகு பாய் விரித்தது.

1687-இல் கூலிக்காரர் வேடத்தில் கடல் கடந்தார். காற்று படகை அலைக்கழித்தது. யாழ்ப்பாணம் சேர்ந்தபோது பசியாலும் வயிற்றுக்கடுப்பாலும் அவர் சாகும் நிலையில் இருந்தார். தொற்றுநோய்க்கு அஞ்சி யாரும் அருகில் வரவில்லை. இரக்கமுள்ள பெண்ணொருத்தி ஊற்றிய கஞ்சியால் அவரும் ஜானும் உயிர் பிழைத்தார்கள். உயர்ந்த குலத்தில் பிறந்தவர், ஊழியரோடு ஒரே கஞ்சியைக் குடித்து, ஒரே தரையில் படுத்தார். கல்லறையில்கூடச் சாதி பார்க்கத் துணியும் நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது.

உடல் தேறியதும் கத்தோலிக்கரைக் கண்டுபிடிக்க வேண்டும். யாரிடம் கேட்பது? கேட்டால் காட்டிக் கொடுத்து விடலாம். அவர் பெரியதொரு செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படியே ஒரு குடும்பத்தைக் கண்டார். அக்குடும்பம் வேறு குடும்பங்களைக் காட்டிற்று. பின்பு சில்லாலை என்னும் ஊரார் அவரைத் தங்களிடம் மறைத்து வைத்தார்கள். இரவில் நடந்து ஊர் ஊராய்ச் சென்று, விடியுமுன் திருப்பலி நிறைவேற்றி, பகலில் ஒளிந்திருப்பார்.

1689-இல் கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலிக்கு யாழ்ப்பாணத்தில் மக்கள் கூடியபோது டச்சு வீரர் புகுந்து ஏறக்குறைய 300 பேரைப் பிடித்தார்கள். அடிகளார் அகப்படவில்லை. மக்களில் முக்கியமானவர்கள் கசையடி பட்டுச் சிறை சென்றார்கள். கல்வினிசத்தை விட்டுக் கத்தோலிக்கரான தோன் பேதுரு என்பவர் அந்த அடியால் உயிர் துறந்தார். சித்திரவதைப்பட்டும் மற்றவர் மறுதலிக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் அந்த மந்தைக்கு இவ்வளவு உறுதி வந்திருந்தது.

கண்டியில் சிறைவாசம்

டச்சுக்காரர் கைக்கு எட்டாத கண்டி அரசை நோக்கி அவர் புத்தளம் வழியாகச் சென்றார். 1692-இல் கண்டியை நெருங்கியபோது, அங்கிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவரைப் போர்த்துக்கீசிய ஒற்றன் என்று கோள் சொன்னார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையிலிட்டான். நம் மறவர் நாட்டில் புனித அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்தியபோது, கடலுக்கு அப்பால் வாஸ் அடிகளார் கண்டி அரசனின் காவலில் இருந்தார்.

அந்தக் காவலை அவர் வீணாக்கவில்லை. சிங்களம் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் கொட்டகையொன்று அமைத்துச் சிறு கோவிலாக்கினார். உள்ளே ஒரு குரு இருக்கிறார் என்று மெல்ல மெல்லத் தெரிந்து கத்தோலிக்கர் வரத் தொடங்கினார்கள். பின்பு நாட்டில் கடும் வறட்சி ஏற்பட்டபோது, மன்னன் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் வெளியில் பீடமும் சிலுவையும் நிறுத்தி முழந்தாளிட்டார் என்றும், பெருமழை பெய்தது என்றும் மரபு கூறுகிறது. அது முதல் பௌத்த மன்னன் அவருக்குப் பாதுகாவலனானான்.

தனி ஒருவர்

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 1687 முதல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இலங்கைத் தீவு முழுமைக்கும் உழைத்த குரு இவர் ஒருவரே. ஆயிரக்கணக்கான ஆன்மாக்கள், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம், முறைப்படுத்த வேண்டிய திருமணங்கள், சாகக் கிடப்போர், நடுவிலே காடும் அட்டையும் ஒற்றரும். செபத்துக்கு நேரமில்லை என்று சொல்ல உலகில் எவருக்கேனும் நியாயம் இருந்திருந்தால் அது இவருக்கே இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. பகல் போதாதபோது இரவை எடுத்துக்கொண்டார். செபக்கூடத்தில் பழகிய தியானத்தைக் காட்டிலும் விடவில்லை. நடக்கும்போதே செபமாலையும் சங்கீதங்களும் சொன்னார். வேலை பெருகப் பெருகச் செபத்தைக் குறைப்பது நம் வழக்கம். அவரோ தூக்கத்தைக் குறைத்தார்.

1690-களின் பின்பகுதியில் கோவா செபக்கூடத்திலிருந்து துணைக் குருக்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான யோசேப் கர்வாலியோ அவருடைய மருமகன் முறை. 1697-இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னனும் நகரை விட்டு அகன்றான். உறவினரே நோயாளிகளைக் காட்டில் விட்டு ஓடினார்கள். இவ்விரு குருக்களும் குடிசைகள் அமைத்து நோயாளிகளைச் சேர்த்து, புண் கழுவி, உணவூட்டி, இறந்தோரைத் தங்கள் கையாலேயே அடக்கம் செய்தார்கள். கிறிஸ்தவர், பௌத்தர் என்று வேறுபாடு பார்க்கவில்லை. செபம் மனிதரை விட்டு விலகி ஓடச் செய்யும் என்று எண்ணுவோருக்கு இந்த ஓராண்டே பதில்.

கொச்சி ஆயர் அவரை இலங்கைக்குத் தம் முதன்மைக் குருவாக நியமித்தார். ஆயர் பதவி தேடி வந்தபோது அதை அவர் ஏற்கவில்லை. 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், சிங்களத்திலும் தமிழிலும் செப நூல்களும் மறைநூல்களும் இயற்றி, பரம்பிய விசுவாசத்துக்கு மொழியால் வேலி கட்டினார். 1707-இல் பட்டமேறிய நரேந்திரசிங்க மன்னனும் அடிகளாரை மதித்தான்.

இறுதி நாட்கள்

கடைசிப் பயணங்களில் உடல் முற்றும் தளர்ந்தது. கண்டிக்குத் திரும்பியவர் படுக்கையிலும் தியானத்தை விடவில்லை. 1711 ஜனவரி 16-ஆம் நாள், 59-ஆம் வயதில், ஆண்டவரில் துயில்கொண்டார். கண்டிக் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லறை இருந்த இடம் இன்று அடையாளம் தெரியவில்லை. தனியொருவராய் அவர் கரையிறங்கிய தீவில், அவர் மறைந்தபோது கத்தோலிக்கர் சுமார் 70,000 பேர் இருந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1995 ஜனவரி 21-இல் கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு அளித்தார். 2015 ஜனவரி 14-இல் அதே நகரின் காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நம் கோவாவின் பிள்ளை, இலங்கையின் முதல் புனிதரானார்.

நமக்கு என்ன?

நம் ஊர் தறி ஓடும் ஊர். பாவு ஒழுங்காக இழுத்துக் கட்டாத தறியில் எத்தனை முறை நாடா ஓடினாலும் துணி வராது. நூல் சிக்கல்தான் மிஞ்சும். செபம் பாவு, பணி ஊடை. சங்கங்களும் அன்பியங்களும் ஆலோசனைக் குழுக்களும் பங்கில் ஓய்வின்றி ஓடுகின்றன. பாவு தளர்ந்திருந்தால் பிணக்கும் பொறாமையும் தவிர வேறொன்றும் நெய்யப்படாது.

எனவே யூபிலியின் நினைவாக, செலவில்லாத மூன்று காரியங்களை நம் பங்குக் குடும்பங்களின் முன் வைக்கிறோம். இரவு உணவுக்கு முன் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்து, கால் மணி நேரம் குடும்பமாய்ச் செபமாலை சொல்லுவோம். எந்தக் கூட்டத்தையும், பேச்சுத் தொடங்குமுன், ஐந்து நிமிட மௌனச் செபத்தோடு தொடங்குவோம். வாரத்தில் ஒரு நாளேனும், சந்தைக்கோ பள்ளிக்கோ தறிக்கோ போகும் வழியில், கோவிலில் நுழைந்து நற்கருணை முன் சற்று நேரம் இருப்போம். இந்த மூன்றும் முதலில் கட்டுப்படுத்துவது குருக்களாகிய நம்மை. பலருக்கும் செபிக்கக் கற்றுக் கொடுக்கும் நாமே செபத்தை அவசரமாய் முடித்து எழுந்து விடலாகாது.

முப்பது ஆண்டுகள் குருவைக் காணாத மக்கள் வீட்டுச் செபத்தால் விசுவாசத்தைக் காத்தார்கள். அந்த மக்களுக்கு ஒரு குரு வந்தபோது, அவர் இரவைச் செபத்துக்குக் கொடுத்து அவர்களை மீட்டெழுப்பினார். குருவும் கோவிலும் தினத் திருப்பலியும் அருகிலேயே இருக்கும் நமக்குச் சொல்ல என்ன சாக்கு இருக்கிறது? புதுவர்ணம் நாலு மழையில் மங்கும். வீட்டில் முழந்தாளிடும் வழக்கம் பிள்ளைகளிடம் பதிந்துவிட்டால், அடுத்த யூபிலியை அவர்கள் கொண்டாடுவார்கள்.

புனித யோசேப் வாஸ் அடிகளாரே, எங்கள் பங்குக்காகவும் எங்கள் குடும்பங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.