யார் இந்த அசரியா? சி.எஸ்.ஐ. உருவாக உழைத்தவர்... ஆனா அதைப் பார்க்கக் கொடுத்து வைக்காதவர்!

தமிழ்நாட்டுல எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சி.எஸ்.ஐ. சர்ச்சையாவது பார்க்கலாம். ஆனால் 1947-க்கு முன்னாடி அப்படி ஒரு சபையே கிடையாது. அது உருவாகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர், ஒரு கிராமத்துப் போதகரின் மகன். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

பனங்காட்டு ஊரிலிருந்து எடின்பரோவுக்கு

இன்றைய தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தார் அசரியா. சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்துவிட்டு, ஒய்.எம்.சி.ஏ.வில் வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம்ம ஆட்களே ஊழியம் செய்யணும் என்று 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர்.

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. அங்கே மேடையேறிய அசரியா, வெள்ளைக்கார மிஷனரிகள் இந்திய ஊழியர்களைச் சமமாக நடத்துவதில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் கேட்டது தானதர்மம் அல்ல, நட்பு. பலருக்கு அது கசந்தது.

ஆனாலும் 1912-ல் கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் பட்டம் கிடைத்தது. ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். பொறுப்பு, இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல்.

பிரச்னை என்ன?

ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என ஒவ்வொரு மிஷனும் ஆளுக்கொரு வட்டாரத்தைப் பிரித்துக்கொண்டு வேலை பார்த்தது. எந்த மிஷன் முதலில் வந்ததோ, அந்த ஊர்க்காரர்கள் அந்தச் சபை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் எப்போதோ நடந்த சண்டைக்கு, தெலுங்குக் கிராமத்து ஏழை விவசாயக் கூலி ஏன் தனித்தனிப் பந்தியில் உட்காரணும்? இதுதான் அசரியாவின் கேள்வி. பிரிவு மேலைநாட்டுக்குச் சங்கடம். இங்கே அது உயிர்ப் பிரச்னை என்பது அவர் வாதம்.

தரங்கம்பாடியில் தொடங்கியது

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். பெரும்பாலும் இந்தியப் போதகர்கள். ஆங்கிலிகன் சபையும் தென்னிந்திய ஐக்கிய சபையும் இணையணும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். பின்னர் மெதடிஸ்டுகளும் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள்.

28 வருஷம் ஏன் இழுத்தது?

சிக்கல் பேராயர் பதவியில். பேராயர் கைவைத்துப் பட்டம் கொடுத்தால்தான் ஒருவர் குரு என்பது ஆங்கிலிகன் மரபு. மற்ற சபைகளில் அப்படிப்பட்ட பேராயர் முறையே இல்லை. அப்போ ஏற்கெனவே போதகரா இருப்பவர்கள் மறுபடி பட்டம் வாங்கணுமா? வாங்கச் சொன்னால், இத்தனை நாள் செய்த ஊழியம் செல்லாது என்று ஆகிவிடும். எந்தப் போதகர் அதை ஏற்பார்?

கடைசியில் ஒரு வழி பிறந்தது. பழைய போதகர்கள் அப்படியே தொடரலாம், மறுபட்டம் கிடையாது. இனி வரும் புதியவர்களுக்குப் பேராயர்களே பட்டம் கொடுப்பார்கள்.

சில நாள் வித்தியாசம்

1945 ஜனவரி 1-ம் தேதி தோர்ணக்கலில் அசரியா காலமானார். அதே ஜனவரியில்தான் ஆங்கிலிகன் சபையின் பொதுப் பேரவை இணைப்புக்கு ஒப்புதல் தந்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

1947 செப்டம்பர் 27-ம் தேதி, நாடு விடுதலையாகி ஆறே வாரத்தில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் உள்ள சபையும் இல்லாத சபையும் ஒன்றாகச் சேர்ந்ததை உலகத் திருச்சபைகள் வியந்து பார்த்தன.

இதில் ஒரு முரணும் உண்டு. முதல் கூட்டம் நடந்த தரங்கம்பாடி, லுத்தரன்களின் பழைய ஊர். ஆனால் லுத்தரன் சபை இந்த இணைப்பில் சேரவில்லை. இன்றும் தனியாகவே இருக்கிறது. அசரியா தொடங்கிய வேலை பாதி முடிந்திருக்கிறது, மீதி அப்படியே நிற்கிறது.