நோபல் வாங்கிய மருத்துவர் சிறைக்குப் போனது ஏன்? 'குரு' நோயும் காய்டுஷெக்கும்

நோய் தொற்ற வேண்டுமென்றால் கிருமி வேண்டும். பள்ளியில் நீங்கள் படித்தது இதுதான், இல்லையா? ஆனா, வெறும் புரதமே தொற்றி ஆளைக் கொல்லும். இதைக் கண்டறிய வழி திறந்தவர் டேனியல் கார்ல்டன் காய்டுஷெக்.

1923-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். 1957-ல் பப்புவா நியூ கினி மலைப்பகுதிக்குப் போனார். அங்கே ஃபோரே மக்களை ஒரு நோய் வாட்டிக்கொண்டிருந்தது. பெயர் 'குரு'. நம்ம ஊர் குரு இல்லைங்க. அவர்கள் மொழியில் நடுக்கம். முதலில் நடை தள்ளாடும், பிறகு உடல் நடுங்கும், கடைசியில் விழுங்கவே முடியாது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் மரணம்.

இறந்தவர்களில் அதிகம் பேர் பெண்களும் குழந்தைகளும். ஏன்? இறந்த உறவினரின் உடலை உண்பது அங்கே துக்கச் சடங்கு. மூளை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் போனது. இந்தத் தொடர்பைத் தெளிவாக்கியவர்கள் ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்ற மானுடவியலாளர்கள். சடங்கு நின்றது, நோயும் மெல்ல மறைந்தது.

1959-ல் வில்லியம் ஹாட்லோ என்ற கால்நடை மருத்துவர், ஆடுகளுக்கு வரும் ஸ்க்ரேப்பி நோயிலும் மூளை இதேபோல் சிதைவதைச் சுட்டிக்காட்டினார். அதன்பின் காய்டுஷெக் குழு, குருவால் இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சிம்பன்சிகளுக்குச் செலுத்தியது. சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்து அவையும் தள்ளாடின. 1966-ல் முடிவு வெளியானது. 1976-ல் நோபல் பரிசு.

காரணம் மெதுவாக வேலை செய்யும் வைரஸ் என்றே அவர் நம்பினார். 1982-ல் ஸ்டான்லி புருசினர் அதற்கு 'பிரியான்' என்று பெயர் வைத்தார். தப்பாக மடிந்த ஒரு புரதம், பக்கத்தில் ஒழுங்காக இருக்கும் புரதத்தையும் தன்னைப்போலவே மடிக்கும். அது தொடர, மூளை பஞ்சு மாதிரி துளையாகும். சாதாரணச் சமையல் சூட்டுக்கு இது அழியாது. பைத்திய மாட்டு நோய்க்கும் இதுவே காரணம்.

1997-ல் புருசினருக்கு நோபல் கிடைத்தது. அதே ஆண்டு காய்டுஷெக் சிறைக்குப் போனார். பசிபிக் தீவுகளிலிருந்து பல குழந்தைகளைப் படிக்க வைப்பதாக அமெரிக்காவில் தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். அவர்களில் ஒரு சிறுவனைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். விடுதலையான பின் ஐரோப்பா போனவர், 2008-ல் நார்வேயில் இறந்தார்.

அவர் கண்டறிந்தது பொய்யாகிவிடாது. அந்தச் சிறுவனுக்கு நடந்ததும் இல்லாமல் போய்விடாது. அவர் பெயரை எங்காவது பார்த்தால் 1976-ஓட நிறுத்திடாதீங்க, 1997-ஐயும் படிங்க.