சைக்கிள் திருடர்களைத் தந்த டி சிகா

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் ஆங்கிலத் துறையினர் ஒரு பழைய இத்தாலியத் திரைப்படத்தைத் திரையிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படம், தெரியாத மொழி. கீழே ஓடும் ஆங்கில எழுத்தில் பாதியை நான் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். ஆயினும் படம் முடிந்து விளக்கைப் போட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்திலிருந்த நண்பன் என் கண்களைப் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலைதான். படத்தின் பெயர் 'சைக்கிள் திருடர்கள்'. 1948-இல் வெளிவந்தது. அதை இயக்கிய விட்டோரியோ டி சிகாவைப் பற்றி அதன்பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்தவற்றை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

டி சிகா 1901 ஜூலை 7 அன்று சோரா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை உம்பெர்ட்டோ ஓர் எழுத்தர். வெளியே கௌரவம், உள்ளே பற்றாக்குறை என்ற வகைக் குடும்பம். மகன் கணக்கியல் படித்தார். கணக்குப் புத்தகத்தின்முன் அமர வேண்டிய பிள்ளை, 1923-இல் தாத்தியானா பாவ்லோவா என்ற நடிகையின் நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டார். நம் வீடுகளில் ஒரு பிள்ளை இப்படிக் கிளம்பினால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அவருடைய தந்தையோ மகன் நடிப்பதை ஊக்குவித்தவராம்.

1932-இல் மரியோ காமெரினி இயக்கிய ஒரு படத்தில் கதாநாயகனாக நடித்து, பாட்டும் பாடி, இத்தாலி முழுவதும் புகழ் பெற்றார். அழகிய முகம், நல்ல குரல், சிரிக்க வைக்கும் திறமை. அந்தப் புகழிலேயே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் 1940-ஐ ஒட்டி இயக்குநர் ஆனார். போர்க்காலத்தில் 'பிள்ளைகள் நம்மைக் கவனிக்கிறார்கள்' என்ற படத்தில் சேசரே சவாட்டினி என்ற எழுத்தாளருடன் கூட்டுச் சேர்ந்தார். அந்தக் கூட்டு முப்பது ஆண்டுகள் நிலைத்தது.

ஜெர்மானியப் படை ரோம் நகரைப் பிடித்திருந்த காலத்தில் ஒரு தேவாலயத்தினுள் அவர் படப்பிடிப்பு நடத்தினார். தேடப்பட்டவர்கள் பலருக்கு அங்கே துணை நடிகர் வேலை கொடுத்துக் காப்பாற்றினார் என்றும், நகரம் விடுதலையாகும்வரை படப்பிடிப்பை வேண்டுமென்றே நீட்டினார் என்றும் சொல்கிறார்கள். நடித்துக்கொண்டே உயிர் பிழைத்தவர்கள்!

போர் முடிந்தபின் தெருவில் காலணி துடைக்கும் சிறுவர்களைப் பற்றி 1946-இல் ஒரு படம் எடுத்தார். சொந்த நாட்டில் அது ஓடவில்லை. அமெரிக்காவில் 1948-இல் சிறப்பு ஆஸ்கார் விருது பெற்றது. விருது வந்தது, பணம் வரவில்லை. அடுத்த படத்துக்கு அலைந்தபோது அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் பணம் தர முன்வந்தார். ஆனால் கேரி கிராண்ட் என்ற பெரிய நட்சத்திரம்தான் நாயகனாக நடிக்க வேண்டும் என்றாராம். டி சிகா ஒப்பவில்லை. வேறு வழியில் பணம் திரட்டி, லம்பெர்ட்டோ மஜோரானி என்ற தொழிற்சாலைத் தொழிலாளியையே நாயகனாக்கினார். மகனாக வரும் என்சோ ஸ்டாயோலா படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்த எட்டு வயதுச் சிறுவன்.

கதை மிக எளியது. வேலையில்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி கட்டில் விரிப்புகளை அடகு வைத்து, அடகிலிருந்த சைக்கிளை மீட்கிறாள். கடைக்காரன் அந்த மூட்டையை வைக்க ஏணியில் ஏறுகிறான். உச்சிவரை அதைப்போன்ற மூட்டைகள்! ஓர் ஊரின் வறுமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியிருக்க முடியாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. தந்தையும் மகனும் ரோம் முழுவதும் தேடுகிறார்கள். கடைசியில் தந்தையே ஒரு சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்முன் பிடிபடுகிறான்.

நான் தலை குனிந்த இடம் அதுதான்.

என் தந்தையார் சைக்கிளில் உப்பும் கோலமாவும் விற்பவர். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, சந்தைக்கு வெளியே நிறுத்தியிருந்த சைக்கிள் உப்பு மூட்டையோடு காணாமற் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு காயலான் கடைகளில் தேடினார். பொழுது சாயும் நேரம், பேருந்து நிலையத்தருகே பூட்டாமல் நின்ற ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரில் அப்பா கை வைத்தார். சிறிது நேரம் அப்படியே நின்றார். நான் பார்ப்பதைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டு, டீக்கடைக்கு அழைத்துப் போய் எனக்கு மட்டும் ஒரு பன் வாங்கித் தந்தார். அம்மாவின் தோடு அடகுக்குப் போய் வேறு சைக்கிள் வந்தது. இந்தக் கல்லூரியில் சேரும்போது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் வியாபாரம் என்று மட்டும் எழுதினேன்.

'சைக்கிள் திருடர்கள்' 1950-இல் சிறப்பு ஆஸ்கார் பெற்றது. 1952-இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய தேர்வில் உலகின் தலைசிறந்த படமாக முதலிடம் பெற்றது. அதே ஆண்டு நம் நாட்டில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவிலும் இது இடம்பெற்றது. பம்பாயில் தொடங்கிய அவ்விழா நம் சென்னைக்கும் வந்தது. இதைக் கண்ட பிமல் ராய் 1953-இல் 'தோ பீகா ஜமீன்' எடுத்தார். சத்யஜித் ராய் அதற்கு முன்பே, 1950-இல், லண்டனில் இதைப் பார்த்துத் தம் வழியைத் தீர்மானித்துக்கொண்டார்.

டி சிகாவுக்கோ கடினமான நாட்கள் காத்திருந்தன. ஓய்வூதியம் போதாமல் வாடும் ஒரு முதியவரைப் பற்றி 1952-இல் 'உம்பெர்ட்டோ டி.' எடுத்தார். தந்தையின் பெயரையே வைத்து, தந்தைக்கே அதைக் காணிக்கையாக்கினார். முதியவராக நடித்தவர் கார்லோ பாத்திஸ்தி, மொழியியல் பேராசிரியர். அரசில் திரைத்துறைப் பொறுப்பு வகித்த ஆண்ட்ரியோட்டி, நாட்டின் பெயரைக் கெடுப்பதாக அப்படத்தைக் கண்டித்து எழுதினார். படமும் ஓடவில்லை.

அவரிடம் ஒரு பெரும் குறை உண்டு. அவர் சூதாடி. சூதாட்ட விடுதிகளில் பெரும்பணம் இழந்து, கடனைத் தீர்க்கக் கண்ட படங்களிலெல்லாம் நடித்தார். ஏழையின் சைக்கிளுக்காக நம்மை அழவைத்தவர் தம் பணத்தை இப்படித் தொலைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு குடும்பங்களும் இருந்தன. ஆனாலும் எழுந்தார். 1960-இல் 'இரு பெண்கள்' படத்தில் சோபியா லோரனை நடிக்க வைத்து, அவருக்கு ஆஸ்கார் கிடைக்கச் செய்தார். 1965-இலும் 1972-இலும் அவருடைய படங்களே மீண்டும் அவ்விருதைப் பெற்றன. 1974 நவம்பர் 13 அன்று பாரிஸ் அருகே காலமானார்.

பொங்கல் விடுமுறையில், அப்பா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். பிடிபட்ட இடத்தைச் சொல்லும்போது அவர் நிமிரவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, நடித்த அந்தத் தொழிலாளிக்குப் பிறகு நல்ல வேலை கிடைத்ததா என்று கேட்டார். தொழிற்சாலைக்கே திரும்பினார், ஆட்குறைப்பில் வேலை போயிற்று, கொத்து வேலையும் சில்லறை வேடங்களுமாக இருந்து 1983-இல் இறந்தார் என்றேன். அப்பா பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு அந்தப் பையன் என்ன ஆனான் என்றார். கணக்கு வாத்தியார் ஆனார் என்று சொன்னேன்.

மறுநாள் உப்பு வாங்கும் வீடுகளிலெல்லாம் அப்பா அந்தச் செய்தியைச் சொன்னதாக அம்மா தெரிவித்தார்.