சங்கமித்தை: காத்திருந்த பெண்களுக்காகக் கடல் கடந்தவர்

விகாரை என்றாலே காணி பறிபோகுமோ என்ற அச்சம் திருகோணமலைத் தமிழருக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் சல்லிக் கரையிலிருந்து அதிக தூரமில்லாத வெல்கம் விகாரையில், 11ஆம் நூற்றாண்டில் தமிழர் விளக்குகளையும் பசுக்களையும் கொடையாக அளித்ததைத் தமிழ்க் கல்வெட்டுகளே சொல்கின்றன. இராசராசப் பெரும்பள்ளி என்பது அதன் தமிழ்ப் பெயர். பௌத்தம் நமக்கு அந்நியமாக இல்லாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தின் தொடக்கத்தில் ஒரு பெண் நிற்கிறார்.

மகாவம்சத்தின்படி, சங்கமித்தை பேரரசர் அசோகரின் மகள். சுமணன் என்ற மகனுக்குத் தாய். 18 வயதில் துறவு பூண்டவர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அவரது சகோதரர் மகிந்தர் அநுராதபுரம் வந்தபோது, மன்னன் தேவநம்பியதீசனின் தம்பி மனைவி அநுலாவும் நூற்றுக்கணக்கான பெண்களும் துறவு கேட்டார்கள். மகிந்தரால் கொடுக்க முடியவில்லை. பெண்ணுக்குத் துறவளிக்கப் பிக்குணிகளும் வேண்டும் என்பது சங்க விதி. பெண்கள் பத்துச் சீலங்களை ஏற்று, தனி இல்லத்தில் காத்திருந்தார்கள்.

அவர்களுக்காகவே சங்கமித்தை கப்பலேறினார். 11 பிக்குணிகளோடும் வெள்ளரசுக் கிளையோடும் வட கரையின் ஜம்புகோளத்தில் இறங்கினார். மாதகலை அடுத்த சம்பில்துறைதான் அது என்பர். டிசம்பர் மாதத்து உந்துவப் போயா நாளில் அந்தக் கிளையின் வருகையை நாடே கொண்டாடுகிறது. காத்திருந்த பெண்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அநுலாவும் தோழியரும் பிக்குணிகளானார்கள். அவர்களுக்கான கட்டடங்களில் மூன்றில், வந்த கப்பலின் பாய்மரமும் சுக்கானும் துடுப்பும் வைக்கப்பட்டதாம். சங்கமித்தை பின்னர் தனிமை நாடி வேறோர் ஆராமத்துக்கு மாறினார். ஆனாலும் மக்கள் நலப் பணியை விடவில்லை. 79 வயதில் அங்கேயே மறைந்தார்.

அவர் தொடங்கிய மரபு 5ஆம் நூற்றாண்டில் தேவசாரா முதலிய பிக்குணிகளால் சீனாவுக்குப் போனது. இலங்கையிலோ 11ஆம் நூற்றாண்டில், சோழர் படையெடுப்பின் குழப்பத்தோடு அற்றுப்போனது. துறவளிக்கப் பிக்குணிகளே இல்லை என்ற அதே விதி, பிறகு பல நூற்றாண்டுகள் பெண்களைத் தடுத்தது. 1998இல் புத்தகயாவில், சீன மரபுப் பிக்குணிகளின் துணையோடு இலங்கைப் பெண்கள் மீண்டும் துறவு பெற்றார்கள். கொடுத்தது திரும்பி வந்தது.

மூத்த பிக்குகள் பலர் இதை இன்னும் ஏற்கவில்லை. இதற்கிடையில் கிராமங்களில் தசசில் மாதாக்களும் பிக்குணிகளும் நோயாளிகளைப் பார்க்கிறார்கள், பிரித் ஓதுகிறார்கள், பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். சங்கமித்தைக்குச் சிலை வைப்பது எளிது. அவர் யாருக்காகக் கடல் கடந்தாரோ, அந்தப் பெண்களை ஏற்பதில்தான் தயக்கம்.